சுரப்பி போய்விட்டது, பாக்கி இருக்கிறது

கேள்வி (சுருக்கம்):

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. ஆறு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மூன்று வருடமாக கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். அதை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடும்வரை நன்றாக இருக்கும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். இரண்டு முறை அப்படி ஆனது. கண்ணும் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டது. கண்ணுக்காகவும், இன்னொரு குழந்தை வேண்டும் என்பதற்காகவும் கதிரியக்க அயோடின் வேண்டாம், ஆபரேஷன்தான் நல்லது என்றார்கள். தைராய்டு முழுவதையும் எடுத்து ஆறு வாரம் ஆகிறது. அந்த ஹார்மோனுக்குப் பதிலாகத் தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை போடுகிறேன்.

ஆபரேஷன் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் எப்போது பார்த்தாலும் தூக்கம், சோர்வு, மலச்சிக்கல், காரணமே இல்லாமல் அழுகை. 58 கிலோ இருந்தவள் 62 ஆகிவிட்டேன். முடி கொத்தாகக் கொட்டுகிறது. தோழி சொல்லி முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் ரத்தம் பார்த்தால் டி.எஸ்.எச். 0.03 என்று வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? பக்கத்து கிளினிக்கில் மாத்திரையை 75 ஆகக் குறைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது பீரியடிலேயே குரல் கட்டிக்கொள்கிறது, இறைவணக்கப் பாட்டில் மேல் ஸ்தாயி வரவே இல்லை. கிட்னியில் கல் வரும் என்று சொன்னதால் கால்சியம் மாத்திரையை ஐந்து நாளாக நிறுத்திவிட்டேன். உதட்டைச் சுற்றி மரமரப்பாக இருக்கிறது, அது சத்துக் குறைவாக இருக்கலாம். முட்டைகோஸ், காலிஃபிளவர், கேழ்வரகு எதுவும் தொடக்கூடாது என்கிறார் மாமியார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் விடுவதில்லை. நான் பழையபடி ஆவேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, உதட்டைச் சுற்றி மரமரப்பு என்று, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். கடிதம் கிடைத்த அன்றே அதற்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்பதை இங்கேயும் சொல்கிறேன், இதே தவறைச் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

தைராய்டின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டு நான்கு சின்னச் சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவு, நிறமும் கொழுப்பின் நிறம்தான். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் கவனிப்பது இவற்றின் வேலை. தைராய்டை எடுக்கும்போது இந்த நான்கையும் அலுங்காமல் விட்டுவிட்டு வரவேண்டும். இருபது வருடமாகக் கழுத்தில் கத்தி வைப்பவள் நான். இன்றும் ஆபரேஷனில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது தைராய்டை வெட்டுவதற்கு அல்ல, இவற்றைத் தேடிக் காப்பாற்றுவதற்குத்தான். நன்றாகக் காப்பாற்றினாலும் தொட்ட அதிர்ச்சியில், ரத்த ஓட்டம் குறைந்ததில், கொஞ்ச நாள் வேலை செய்யாமல் கிடக்கும். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களில் விழித்துக்கொள்ளும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். அனுபவமுள்ளவர்கள் கையில் நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் நிரந்தரமாகப் போய்விடும்.

கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று வருடம் தைராய்டு ஹார்மோன் அதிகமாக ஓடியபோது உங்கள் எலும்பிலிருந்து கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கும். ஹார்மோன் அடங்கியதும் எலும்பு பழைய பாக்கியை வசூலிக்க ஆரம்பிக்கிறது, ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சுகிறது. நாங்கள் இதைப் ‘பசித்த எலும்பு’ என்றே சொல்வோம். ஒரு பக்கம் பாராதைராய்டு தூங்குகிறது, இன்னொரு பக்கம் எலும்பு கேட்கிறது. இந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் அளவில் கால்சியத்தை இன்றே மறுபடி தொடங்குங்கள். ரத்தத்தில் கால்சியம், அல்புமின், மெக்னீசியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஐந்தையும் பார்த்து ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். விரல்கள் குவிந்து மணிக்கட்டு உள்பக்கம் இழுத்துக்கொண்டாலோ, தொண்டை இறுக்கினாலோ, மூச்சு சிரமமாக இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘தைராய்டு எடுத்திருக்கிறது, கால்சியம் குறைந்திருக்கும்’ என்று சொல்லுங்கள். நரம்பு வழியாக கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் இளகிவிடும்.

கிட்னிக் கல் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கால்சியத்தையும் கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்தையும் ரத்தமே பார்க்காமல் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் கல் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக டாக்டர் குறைப்பார்.

சரி, இப்போது உங்களைப் பயமுறுத்தியிருக்கும் அந்த 0.03.

உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவாரசியமாகப்பட்டது இதுதான். காகிதம் ஒன்று சொல்கிறது, உடம்பு நேர்மாறாகச் சொல்கிறது. டி.எஸ்.எச். 0.03 என்றால் மிகக் குறைவு; டி.எஸ்.எச். குறைந்தால், படித்த பாடப்படி தைராய்டு ஹார்மோன் அதிகம். அப்படியானால் படபடப்பு இருக்கவேண்டும், வியர்க்கவேண்டும், எடை குறையவேண்டும். உங்களுக்கோ தூக்கம், மலச்சிக்கல், எடை ஏற்றம். இப்படி முரண்படும்போது காகிதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘வேலை செய்’ என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. கிரேவ்ஸ் நோயில் உங்கள் எதிர்ப்பு சக்தியே தவறாக உண்டாக்கிய ஆன்டிபாடி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு தைராய்டை விரட்டு விரட்டென்று விரட்டியது. பிட்யூட்டரிக்கு வேலையே இல்லை. மூன்று வருடத்தில் நீண்ட நாள் படுத்துக் கிடந்திருக்கும். தைராய்டை எடுத்த மறுநாள் அது எழுந்து உட்கார்ந்துவிடாது. ஹார்மோன் சரியான அளவுக்கு வந்த பிறகும், ஏன், குறைவாகப் போன பிறகும்கூட, டி.எஸ்.எச். பல வாரங்களுக்கு, சிலருக்கு மாதக்கணக்கில், தரையோடு தரையாகத்தான் இருக்கும். ஆகவே ஆறாவது வாரத்தில் கிரேவ்ஸ் நோயாளியின் டி.எஸ்.எச்.சை மட்டும் பார்த்து மாத்திரை அளவை மாற்றக்கூடாது. ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

‘அதையும் பார்த்தோம், அதுவும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது’ என்பீர்கள். நீங்கள் அனுப்பிய நகலில் ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இங்கேதான் தோழி கொடுத்த முடி மாத்திரை வருகிறது. பல லேப்களில் தைராய்டு பரிசோதனைக் கருவிகள் பயோட்டினையே ஒரு பசை மாதிரி பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் அந்தப் பசை குழம்பிவிடும். குழம்புவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். ஆன்டிபாடி பரிசோதனைகூடப் பொய்யாக பாசிட்டிவ் வரலாம். அதாவது, கிரேவ்ஸ் நோயின் முகத்தை அப்படியே வரைந்து காட்டிவிடும். முடிக்காக விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம் வரை பயோட்டின் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது அதில் ஒரு துளிதான்.

தைராய்டே இல்லாத இடத்தில் நோய் இப்படித் திரும்ப வராது. பயோட்டினை நிறுத்துங்கள். குறைந்தது மூன்று நாள் போதும் என்பார்கள். நான் என் நோயாளிகளிடம் ஒரு வாரம் என்று சொல்வேன். அதன்பின் காலையில், அன்றைய தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன்பு, ரத்தம் கொடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் அந்தச் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 ஏறியிருக்கும். அந்த ரிப்போர்ட் வரும்வரை 75 ஆகக் குறைக்க வேண்டாம். என் ஊகம், உங்கள் ஃப்ரீ டி4 உண்மையில் குறைவாக இருக்கும். 62 கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் சரியான ஆரம்ப அளவுதான். ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அந்த 100 முழுதாக உள்ளே போகிறதா என்பது வேறு கேள்வி.

இணைப்புத் தாளில் உங்கள் காலை நேரத்தை எழுதியிருந்தீர்கள். அஞ்சரை மணிக்கு எழுந்து தைராய்டு மாத்திரை. கால்சியத்தை நிறுத்தும்வரை அதையும் கூடவே. பத்து நிமிடத்தில் ஃபில்டர் காபி. கால்சியமும் தைராக்ஸினும் வயிற்றில் சேர்ந்தால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், மாத்திரையில் ஒரு பங்கு ரத்தத்துக்கே போகாது. காபியும் பாலும்கூட அப்படித்தான் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலத்தைத் தணிக்கும் மருந்து இவையும் அதே ரகம்.

மாற்றிக்கொள்வது சுலபம். எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. வாசல் தெளித்து, பையனை எழுப்பி, குளித்துவிட்டு வந்து காபி குடியுங்கள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்கவேண்டும். கார்பனேட் வகை கால்சியம் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும் என்பதால் இதில் இரட்டை லாபம். டிபன் பாக்ஸ் பையிலேயே அந்த அட்டையைப் போட்டுவிடுங்கள். காலை காபியைத் தள்ளிப்போட முடியவே முடியாது என்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம், அதுவும் சரியான முறைதான். அப்போது இரவுக் கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். தைராய்டு மாத்திரைப் பாட்டிலை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அந்த மருந்துக்கு ஆகாது. ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். நினைவு வந்ததும் போடுங்கள்; மறுநாள்தான் நினைவு வந்தது, உங்களுக்கு இதயக் கோளாறு எதுவும் இல்லை என்றால் இரண்டாகப் போடலாம்.

அந்த ஏழு நாள் கணக்கால்தான் மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்கிறோம். பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது லேபுக்குத்தான் நல்லது.

ஆயுள் முழுக்க மாத்திரையா என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். இந்த மாத்திரை எப்படிப்பட்ட விஷயம் என்பதற்கு அவரிடம் ஒரு கதை சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் தியோடர் கோகர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். தைராய்டு ஆபரேஷனில் நோயாளிகள் ரத்தம் கொட்டிச் சாகும் காலத்தில், அதைப் பாதுகாப்பாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவர். 1909இல் நோபல் பரிசும் வாங்கினார். அவரே 1883இல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது: முழுச் சுரப்பியையும் எடுத்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தால் பலர் முகம் ஊதி, பேச்சு மெதுவாகி, மந்தமாகிக் கிடந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க அன்று மருந்தே இல்லை. 1891இல் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் முர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வேலை செய்யாத 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து சாறெடுத்து ஊசி போட்டார். அந்த அம்மா எழுந்து நடமாடி, 74 வயது வரை வாழ்ந்தார். அந்த 28 வருடத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி! உங்களுக்கு மாதம் ஒரு மாத்திரைப் பாட்டிலில் முடிந்துவிடுகிறது.

அடுத்து, ‘பழையபடி ஆவேனா?’ என்ற கேள்வி. எந்தப் பழையபடி என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: ‘முன்பெல்லாம் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து சமைத்து, பேப்பர் திருத்தி, வீட்டைத் துடைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன், இப்போது சோம்பேறி ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.’ அந்த நாலு மணி சுறுசுறுப்பு உங்களுடையது அல்ல, நோயினுடையது. ஐந்தாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இரண்டுக்குக் கொண்டுவந்தால் நின்றே போய்விட்டது போலத் தோன்றும். கிரேவ்ஸ் வந்த பெண்களை ஊர் பல நேரம் பாராட்டிக்கொண்டிருக்கும், ஒல்லியாக இருக்கிறாள், ஓடி ஓடி வேலை செய்கிறாள் என்று. அந்தப் பாராட்டு நின்றதும் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒப்பிடுவதென்றால் நோய் வருவதற்கு முந்தைய, 31 வயது ஆசிரியையோடு ஒப்பிடுங்கள். அவர் 65 கிலோ இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! அப்படியென்றால் இந்த 62 கிலோ ஏறிய எடையா, திரும்பிய எடையா?

அதில் ஒரு பகுதி தசை. ஹார்மோன் அதிகமாக ஓடும்போது தொடைத் தசையும் தோள் தசையும் கரையும். மாடிப்படி ஏறக் கால் நடுங்கியது, பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது எல்லாம் அதனால்தான். அது திரும்ப வளர மாதங்கள் ஆகும். தினம் அரை மணி நேரம் நடங்கள், பருப்பு, முட்டை, சுண்டல் என்று சாப்பாட்டில் புரதம் இருக்கட்டும். ஆறு வாரம் ஆகிவிட்டதால் குடம் தூக்கலாம், துணி பிழியலாம். ஆனால் பசி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று வருடம் எட்டு இட்லி சாப்பிட்டும் எடை ஏறாத உடம்பு அது. இப்போது சுரப்பி இல்லை, எட்டு இட்லிப் பழக்கம் இருக்கிறது. ஐந்தில் நிறுத்திப் பாருங்கள்.

அழுகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹார்மோன் குறைந்தாலே மனம் தளரும். மாத்திரை முழுதாக உள்ளே போக ஆரம்பித்து ஆறேழு வாரத்தில் தெளிந்துவிட வாய்ப்பு அதிகம். படபடப்புக்குக் கொடுத்த புரோப்ரனலால் இன்னும் ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடினால் அதுவும் சோர்வு தரும். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்துங்கள். ஹீமோகுளோபினையும் பி12ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியான பிறகும் அழுகை நிற்காவிட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

முடி உடம்பின் பெரிய மாற்றத்துக்குச் சில வாரங்கள் பிந்தித்தான் பதில் சொல்லும். ஆபரேஷன், மயக்க மருந்து, ஹார்மோன் இறக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது கொட்டுகிறது. வேர் போகவில்லை, ஹார்மோன் நிலைத்தபின் ஆறேழு மாதத்தில் நிரம்பும்.

இனி குரல். ஆசிரியைக்கு அதுதான் சம்பளம். குரல் நாண்களை அசைக்கும் நரம்பு ஒன்று தைராய்டின் பின்னால் ஓடுகிறது. அது பழுதானால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். உங்களுக்குப் புரையேறுவதாக எழுதவில்லை, நல்ல அறிகுறி. இன்னொரு மெல்லிய நரம்பு சுரப்பியின் மேல்முனையை உரசிக்கொண்டு போகிறது. குரல் நாணை இழுத்து முறுக்கி மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. வீணையில் பிருடையை முறுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அடிபட்டால் சாதாரணப் பேச்சு சரியாக இருக்கும், உச்சம் மட்டும் வராது, கொஞ்ச நேரத்தில் குரல் களைத்துப்போகும். அமெலிடா கல்லி குர்ச்சி என்ற இத்தாலிய ஓபெரா பாடகிக்கு 1935இல் தைராய்டு ஆபரேஷன் நடந்து இதனால்தான் குரல் போனது என்று அறுவை மருத்துவ மாணவர்களுக்கு வழிவழியாகச் சொல்வார்கள், அந்த நரம்புக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் குரல் தளர்ந்தது உண்மையில் வேறு காரணத்தால் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். கதை மட்டும் சாகவில்லை, நாங்களும் நரம்பைத் தேடிப் பார்த்து வெட்டப் பழகிவிட்டோம்.

உங்களுக்கு நரம்புதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மயக்கத்தின்போது தொண்டைக்குள் வைத்த குழாய், கழுத்துத் தசைகளின் வீக்கம், உள்ளே தழும்பு ஒட்டிக்கொள்வது இவற்றாலும் இப்படி ஆகும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சின்னக் கேமரா வைத்துக் குரல் நாண்களைப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நாண்கள் நன்றாக அசைந்தால் குரல் பயிற்சியாளரிடம் சில வாரம் போங்கள். இந்த மாதிரிக் குறைகள் பெரும்பாலும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஒரு வருடம். அதுவரை இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் மைக் வாங்கி வகுப்பில் பேசுங்கள், கூச்சப்பட வேண்டாம். இறைவணக்கத்தை ஒரு மாணவி பாடட்டும். குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், அதுவும் சிரமம்தான்.

தழும்பைப் பற்றி அதிகம் இல்லை. மஞ்சள் பூச வேண்டாம். தாலிச் சரடு அதன் மேலேயே உரசினால் சில மாதம் கொஞ்சம் நீளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் கறுத்துவிடும், முந்தானையோ சன்ஸ்கிரீனோ வேண்டும். விழுங்கும்போது தோல் சேர்ந்து இழுத்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடுங்கள். தடித்து அரித்தால் மட்டும் காட்டுங்கள். அப்புறம், எடுத்த சுரப்பியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிவிட்டீர்களா? வாங்கி, டாக்டரிடம் காட்டி, ஃபைலில் வையுங்கள்.

சாப்பாட்டில் மாமியாரோடு நான் சண்டைக்கு வரவில்லை. அவர் சொன்னது முழுவதும் தவறும் அல்ல, நேரம்தான் தவறு. முட்டைகோஸ், காலிஃபிளவர், சிறுதானியங்களில் இருக்கும் சில பொருட்கள் தைராய்டு ஹார்மோன் தயாரிப்பைக் கொஞ்சம் தடுக்கக்கூடியவை. ஆனால் தடுப்பதற்கு உங்களிடம் தைராய்டே இல்லையே! முட்டைகோஸ் பொரியல், கேழ்வரகுக் கூழ் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அயோடின் உப்பைப் பற்றியும் உங்களுக்குக் கவலை இல்லை. மாத்திரை போட்ட கையோடு கூழ் குடிக்காமல் இருந்தால் போதும்.

கண் உடனே உள்ளே போகவில்லை என்ற ஏமாற்றம் புரிகிறது. கிரேவ்ஸ் நோயின் வேர் கழுத்தில் இல்லை, எதிர்ப்பு சக்தியில் இருக்கிறது. ஆன்டிபாடி அடித்த இடங்களில் தைராய்டு ஒன்று, கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையும் கொழுப்பும் இன்னொன்று. தைராய்டை எடுத்தபின் ஆன்டிபாடி மெல்ல மெல்லத்தான் வடியும், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ஸ்கூட்டரில் போகும்போது கண்ணாடி, தலையணை கொஞ்சம் உயரம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் வாசலுக்கு வெளியே அனுப்புங்கள், இந்தக் கண் நோய்க்குப் புகையைவிடப் பெரிய எதிரி இல்லை. ஹார்மோன் குறைவாகப் போனாலும் கண் மோசமாகும். தைராய்டு மாத்திரையைக் காபியில் கரைய விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நிறம் மங்குவது, கண்ணுக்குள் வலி, தூங்கும்போது இமை மூடாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் கண் டாக்டரிடம் உடனே போகவேண்டும்.

இரண்டாவது குழந்தைக்கு அவசரப்பட வேண்டாம், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். டி.எஸ்.எச். விழித்து 2.5க்குள் நிலையாக நின்றபின் முயற்சி செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானதும் தைராக்ஸின் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். டாக்டரைப் பார்க்கும்வரை வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போடும்படி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. பிரசவ டாக்டரிடம் ‘எனக்குத் தைராய்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஆயிரம் பேருக்கு இருக்கும் சாதாரணத் தைராய்டு குறைபாடு என்று நினைத்துவிடுவார். ‘எனக்கு கிரேவ்ஸ் இருந்தது, அதற்காகச் சுரப்பியை எடுத்தார்கள்’ என்று சொல்லுங்கள். உங்கள் ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆன்டிபாடி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். உங்களிடம் விரட்டுவதற்குத் தைராய்டு இல்லை, குழந்தையிடம் இருக்கிறது. தாய்க்கு எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் குழந்தையின் இதயம் வேகமாக அடிக்கலாம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஒருமுறையும், அதிகமாக இருந்தால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடியும் அந்த ஆன்டிபாடி அளவைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் நிம்மதி. அதிகமாக இருந்தாலும் ஸ்கேனில் கவனித்து, தேவைப்பட்டால் மருந்து கொடுத்துச் சமாளிக்க வழி இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்திருந்தால். ஃபைலின் முதல் பக்கத்தில் ‘கிரேவ்ஸ்’ என்று சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பேப்பர் திருத்துகிறவர், கையில் சிவப்புப் பேனா இருக்குமே.

எண்ணெய்க் குளியலா? தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, வெள்ளிக்கிழமை தாராளமாகக் குளியுங்கள். தலையை அண்ணாந்து யாராவது அழுத்தித் தேய்த்துவிட வேண்டாம், கழுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்து வருவதற்குள் காபி குடிக்கிற நேரம் ஆகியிருக்கும்.